பெயர்ப்பலகையும் பொய்ச் சாட்சியும்

(அம்பாசமுத்திரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்றைக்குப் பேச இரண்டு பொருள்களை எடுத்திருக்கிறேன். துப்பறியும் தொடர்களில் வருகிற, நடைமுறைக்கு ஒவ்வாத விவரங்கள் ஒன்று. பெரியவர்களின் நினைவாகச் சாலைகளுக்குப் பெயர் மாற்றுவது இன்னொன்று. அழைப்பிதழைப் பார்த்தவர்கள் சிலர், இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார்கள். குற்றவியல் நீதிமன்றங்களில் வழக்காடிப் பழகியவன் நான். இரண்டிலும் ஒரே குறையைத்தான் பார்க்கிறேன். நடந்தது என்ன என்பதைச் சொல்லாமலேயே சொன்னதாக நம்மை நம்பவைத்துவிடுகிறார்கள். அதனால் வருகிற நட்டம் எளிய மனிதர் தலையில் விடிகிறது.

தொடர்களிலிருந்து தொடங்குகிறேன்.

எல்லாத் தொடரிலும் வருகிற ஒரு காட்சி. அறையில் ஒற்றை விளக்கு. நாற்காலியில் கட்டிவைக்கப்பட்ட ஒருவன். அதிகாரி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே போகிறார். கதவு மூடுகிறது. வெளியே நிற்கும் ஏட்டையா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அடுத்த காட்சியில் உண்மை வெளியே வந்துவிடுகிறது. உடலை எங்கே புதைத்தான், கத்தியை எங்கே எறிந்தான், பணம் கொடுத்தது யார் எல்லாம் தெரிந்துவிடுகிறது. பார்க்கிற நாமும் அப்பாடா என்று மூச்சு விடுகிறோம்.

இந்தக் காட்சிக்குச் சட்டத்தில் இடமில்லை. காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்கக் கூடாது என்று 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் 25-ஆம் பிரிவில் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமம் 23-ஆம் பிரிவில் அதையே திரும்பச் சொல்கிறது. அந்த வாக்குமூலத்தால் ஏதாவது பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதற்கு இட்டுச்சென்ற வரிகள் மட்டும் செல்லும். ஐந்து பக்க வாக்குமூலத்தில் இரண்டு வரியைப் பிரித்தெடுத்து ‘அனுமதிக்கத்தக்க பகுதி’ என்று குறியீடு செய்வதை விசாரணை நீதிமன்றத்தில் எந்த நாளும் பார்க்கலாம். மீதிப் பக்கங்கள் சாட்சியமே அல்ல. தொடரில் கதையை முடித்துவைக்கிற அந்த அடி, நிஜ வழக்கில் அரசுத் தரப்பின் கையிலிருந்து வழக்கைத் தட்டிப்பறிக்கிற அடி.

அதுமட்டுமல்ல, அந்த அடியே குற்றம். ஒப்புதல் வாங்குவதற்காக ஒருவரைக் காயப்படுத்தினால் ஏழாண்டு வரை சிறை என்று 1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டம் 330-ஆம் பிரிவில் எழுதியது. இன்றைய பாரதிய நியாய சம்ஹிதையில் அது 120-ஆம் பிரிவு. அந்தப் பழைய பிரிவுக்குச் சட்டத்தை எழுதியவர்கள் தந்த முதல் எடுத்துக்காட்டே, குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வதற்காக ஒருவனைச் சித்திரவதை செய்யும் காவல் அதிகாரிதான். 165 ஆண்டுகளுக்கு முன்பே சட்டப்புத்தகத்தில் குற்றவாளியாக நின்றவர், நம் தொடர்களில் இன்னும் கதாநாயகனாக நிற்கிறார்.

இதை வேறு ஊரில் பேசியிருந்தால் இந்த இடத்தோடு விட்டிருப்பேன். அம்பாசமுத்திரத்தில் விட முடியாது. 2023 மார்ச்சில் இந்த உட்கோட்டத்துக் காவல் நிலையங்களில் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டவர்களின் பற்கள் பிடுங்கப்பட்டன என்ற குற்றச்சாட்டு எழுந்தது. உதவிக் காவல் கண்காணிப்பாளர் ஒருவர் பணியிடை நீக்கம் செய்யப்படுவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். உயர்நிலை விசாரணை நடந்தது, சிபிசிஐடி வழக்குப் பதிந்தது. குற்றம் நடந்ததா என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும், நான் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்த நாட்களில் தேநீர்க் கடைகளிலும் பேருந்துகளிலும் ஒரு பேச்சு ஓடியது. “ரவுடிப் பயலுவளுக்கு இப்படிச் செஞ்சாத்தான் வே அடங்குவானுவ” என்று சொன்னவர்கள் கெட்டவர்கள் அல்லர். மாலையில் வீட்டில் உட்கார்ந்து தொடர் பார்க்கிற நல்ல மனிதர்கள். அடித்தால் உண்மை வரும், உண்மை வந்தால் நீதி கிடைக்கும் என்று அவர்களுக்கு வருடக்கணக்காகத் திரை பாடம் நடத்தியிருக்கிறது. அந்தப் பாடம் தவறு என்பதைச் சொல்லித்தர நம்மிடம் அதற்கு ஈடான எதுவும் இல்லை.

மற்ற தவறுகள் இவ்வளவு பெரியவை அல்ல, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நீதிபதி மரச்சுத்தியலால் மேசையைத் தட்டுவதை நம் நீதிமன்றங்களில் பார்க்க முடியாது. சாட்சி கீதையின் மேல் கைவைப்பதில்லை. 1969-இன் உறுதிமொழிச் சட்டப்படி கடவுளின் பெயரால் சத்தியம் செய்யலாம், மனச்சான்றின்படி உறுதியும் கூறலாம். குளோரோபார்ம் நனைத்த கைக்குட்டையை மூக்கில் வைத்ததும் யாரும் சரிந்து விழுவதில்லை, மயங்குவதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். உண்மை கண்டறியும் ஊசியைச் சம்மதம் இல்லாமல் யாருக்கும் போட முடியாது. செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010 மே மாதத்தில் அதை முடித்துவைத்துவிட்டது. கைப்பேசிக் கோபுரத்தை வைத்து ஆள் நிற்கும் வீட்டுக்கே போய்விடுகிறார்கள். நம் மலையடிவாரத்தில் ஒரு கோபுரத்தின் வீச்சு கிலோமீட்டர் கணக்கில் விரியும். மணிமுத்தாற்றில் நிற்பவனும் சிங்கம்பட்டியில் நிற்பவனும் ஒரே கோபுரத்தில் பதிவாகியிருக்கலாம். பிணக்கூறாய்வு மருத்துவர், இறந்தது இரவு ஒன்பது நாற்பதுக்கு என்று சொல்கிறார். உடம்பின் சூடு, விறைப்பு, தோலின் நிறமாற்றம், இரைப்பையில் கிடக்கும் சோறு இவற்றை வைத்து எந்த மருத்துவரும் ஒரு கால இடைவெளியைத்தான் சொல்ல முடியும். நம் ஊர் வெயிலில் விறைப்பு சீக்கிரம் ஏறிச் சீக்கிரம் தளர்ந்துவிடும் என்பதால் அந்த இடைவெளியும் கவனமாகச் சொல்ல வேண்டிய ஒன்று.

தவறாகக் காட்டுவதைவிட, காட்டாமலே விடுவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். அரசு மருத்துவமனையில் ‘ஆக்சிடெண்ட் ரிஜிஸ்டர்’ என்று ஒரு பதிவேடு இருக்கிறது. வெட்டுப்பட்டவர், அடிபட்டவர் யார் வந்தாலும் பணியிலிருக்கும் மருத்துவர் முதலில் அதில்தான் எழுதுவார். எத்தனை மணிக்கு வந்தார், யார் கூட்டிவந்தது, எதனால் அடித்தார்கள், அடித்தவர்கள் தெரிந்தவர்களா தெரியாதவர்களா, எத்தனை பேர் எல்லாம் அதில் உண்டு. நடுராத்திரியில் தூக்கக் கலக்கத்தில் எழுதுகிற அந்த நாலு வரி, ஆறு வருடம் கழித்து ஒரு கொலை வழக்கையே நிறுத்தும் அல்லது கவிழ்க்கும். ‘தெரியாத நாலு பேர்’ என்று பதிவேட்டில் இருந்து, ‘பக்கத்து வீட்டு இன்னார்’ என்று முதல் தகவல் அறிக்கையில் இருந்தால், எதிரித் தரப்பு வக்கீல் முதல் கேள்வியை அங்கேதான் கேட்பார். முதல் தகவல் அறிக்கை நடுவரின் வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது, கொண்டுபோன காவலர் எந்தப் பேருந்தில் போனார் என்பதும் அப்படித்தான். ஒரு எழுத்தாளருக்கு இதைவிடப் பெரிய மர்மம் வேறென்ன வேண்டும்? அந்தத் தாளில் யார் எழுதினார், எப்போது எழுதினார், ஏன் ஒரு சொல்லை அடித்துவிட்டு வேறு சொல் எழுதினார் என்று பத்துப் பகுதி எடுக்கலாம். ‘விலங்கு’ போன்ற ஒருசில தொடர்கள் காவல் நிலையத்தின் அன்றாடத்தை, அந்த ரைட்டர் மேசையை, தூக்கமில்லாத முகங்களை அக்கறையோடு காட்டியபோது நான் மகிழ்ந்தேன். தெரிந்துகொள்ள விரும்பினால் தெரிந்துகொள்ள முடியும் என்பதற்கு அது சான்று.

அமெரிக்காவில் 2000 அக்டோபரில் தொடங்கிய ‘சி.எஸ்.ஐ.’ தொடரைப் பார்த்துப் பார்த்து, ஜூரிகள் எல்லா வழக்கிலும் டி.என்.ஏ. கேட்கிறார்கள் என்று அரசு வழக்கறிஞர்கள் புலம்பினார்கள். மிச்சிகனில் நீதிபதியாக இருந்த டொனால்டு ஷெல்டன் 2006-இல் ஜூரி பணிக்கு அழைக்கப்பட்ட ஆயிரம் பேரிடம் கேட்டுப் பார்த்தார். அறிவியல் சான்றுகளை மக்கள் மிகுதியாக எதிர்பார்த்தது உண்மை. ஆனால் அந்தத் தொடரைப் பார்த்தவர்கள் பார்க்காதவர்களைவிட எளிதில் விடுதலை செய்துவிடுவார்கள் என்பதற்கு அவருக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆகவே தொடர்களால் தீர்ப்பு மாறுகிறது என்று நான் சொல்லவில்லை. நமக்கு ஜூரியும் இல்லை. இங்கே பாதிக்கப்படுவது காவல் நிலையப் படியேறுகிற சாதாரண மனிதர். கைது செய்தால் குறிப்பாணை எழுத வேண்டும், அதில் குடும்பத்தாரோ ஊர்க்காரரோ ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. மேற்கு வங்கத்தைச் சேர்ந்த டி.கே. பாசு 1986-இல் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய ஒரு கடிதம் மனுவாக எடுத்துக்கொள்ளப்பட்டு, 1996 டிசம்பரில் இந்த நெறிமுறைகளாக வந்தது. எந்தத் தொடரிலாவது ஒரு தகப்பனார் அந்தக் குறிப்பாணையைக் கேட்டு வாங்கிப் படித்துக் கையெழுத்திடும் காட்சியைப் பார்த்திருக்கிறீர்களா?

‘ஜெய் பீம்’ படம் வந்த பிறகு ஆட்கொணர்வு மனு என்றால் என்னவென்று கிராமத்தில்கூடக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். ஒரு சரியான விவரம் திரையில் வந்தால் அது சட்ட உதவி முகாமைவிடத் தொலைவுக்குப் போகும். நம் பக்கத்து மாவட்டத்தில் 2020 ஜூனில் சாத்தான்குளத்துத் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது, விசாரிக்கப் போன நடுவர் அங்கே கண்டது என்ன? கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் அன்றன்றைக்குத் தானே அழிந்துவிடும்படி வைக்கப்பட்டிருந்தன. அதே ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியோடு பதியும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. வீட்டுப் பையனைக் கூட்டிப்போனால், அந்தப் பதிவைப் பாதுகாக்கச் சொல்லி உடனே மனுக் கொடுக்க வேண்டும் என்பது இன்றைக்கு ஒவ்வொரு தாய்க்கும் தெரிந்திருக்க வேண்டிய விவரம்.

நம் பக்கத்து ஊரின் பெயரையே தலைப்பாக வைத்து வந்த படத்தையும் சொல்ல வேண்டும். 2015-இல் ஜீத்து ஜோசப் இயக்கத்தில் வந்த ‘பாபநாசம்’, தொலைக்காட்சியில் எத்தனை முறை போட்டாலும் இங்கே எல்லாரும் உட்கார்ந்து பார்க்கிற படம். சினிமா பார்த்தே விவரம் கற்ற ஒரு கேபிள் டி.வி.க்காரர், வேறொரு நாளில் நடந்ததைக் குற்றம் நடந்த நாளில் நடந்ததாகச் சாட்சிகளின் நினைவிலேயே பதிய வைத்துவிடுகிறார். நம்ப முடியவில்லை என்று சிலர் சொன்னார்கள். என் அனுபவத்தில் அந்தப் படத்தில் மிகவும் நம்பத்தக்கது அதுதான். உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1974-லேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்: ஒரே கார் விபத்தைப் பார்த்தவர்களிடம் ‘மோதியபோது’ என்று கேட்பதற்கும் ‘நொறுங்கியபோது’ என்று கேட்பதற்கும் அவர்கள் சொல்லும் வேகம் மாறுகிறது. பொய் சொல்லாத மனிதரே பொய்ச் சாட்சி ஆகிவிட முடியும். ஆனால் காணாமல் போன பையனின் தாயான ஐ.ஜி.யே விசாரணையை முன்னின்று நடத்துவது, நிஜத்தில் முதல் வாரத்திலேயே கேள்விக்குள்ளாகியிருக்கும். அந்தப் படத்தின் பேச்சு வழக்குக்கு எவ்வளவு உழைத்தார்கள் என்பதும் கேட்டாலே தெரியும். வரிக்கு ஒரு ‘ஏலே’ போட்டுவிட்டால் நெல்லைத் தமிழ் என்று நினைக்கிற தொடர்களுக்கு நடுவே அது பெரிய ஆறுதல்.

இனி சாலைகளுக்கு வருகிறேன். இரண்டு பொருளும் ஒரு மனிதரிடம் சந்திக்கின்றன.

சென்னையில் எட்வர்ட் எலியட்ஸ் ரோடு என்று ஒன்று இருந்தது. பெசன்ட் நகரில் எலியட்ஸ் கடற்கரை இன்னும் இருக்கிறது. இந்த எட்வர்ட் எலியட் சென்னையின் தலைமை மாஜிஸ்திரேட்டாகவும் போலீஸ் கண்காணிப்பாளராகவும் இருந்தவர். 1854-இல் சென்னை மாகாணத்தில் நடக்கும் சித்திரவதைகளை விசாரிக்க ஓர் ஆணையம் அமைந்தது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்று மூன்று பேர். ஏறக்குறைய 2,000 புகார்கள் வந்தன. அதற்காகவே நெடுந்தொலைவு நடந்து வந்தவர்கள் உண்டு. வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யவும் ஒரே அதிகாரிகள் ஒரே கருவிகளைப் பயன்படுத்தினார்கள் என்று 1855-இல் ஆணையம் எழுதியது. விரல்களை நசுக்கும் கிட்டியும், கழுத்தைக் காலோடு வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தும் அண்ணந்தாளும் அந்த அறிக்கையில் பெயரோடு பதிவாகியிருக்கின்றன. அதை ஆதாரமாக வைத்துக் கார்ல் மார்க்ஸ் 1857-இல் நியூயார்க் நாளிதழில் கட்டுரை எழுதினார். வரி வசூலிப்பவரும் போலீசும் ஒருவராக இருக்கக் கூடாது என்ற எண்ணம் வலுப்பெற்று 1859-இன் சென்னைக் காவல் சட்டம் வந்ததற்கு அந்த அறிக்கை ஒரு முக்கியக் காரணம். தண்டனைச் சட்டத்தின் 330-ஆம் பிரிவில் காவல் அதிகாரி முதல் எடுத்துக்காட்டாக நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த அறிக்கை நினைவுக்கு வரும்.

அந்தச் சாலை இப்போது டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை. மாற்றியதில் தவறில்லை. குடியரசுத் தலைவராக இருந்த அந்த ஆசிரியர் அதே சாலையில்தான் குடியிருந்தார். என் கவலை வேறு. நூறாண்டுக்கு மேல் ‘எலியட்’ என்று எழுதியிருந்த பலகை, அந்த மனிதர் என்ன செய்தார் என்று ஒரு நாளும் யாருக்கும் சொல்லவில்லை. மாலையில் எலியட்ஸ் கடற்கரையில் காற்று வாங்குகிற ஆயிரம் பேரில் ஒருவருக்கும், காவல் சித்திரவதைக்கு எதிராக இந்த நாட்டில் வந்த முதல் பெரிய ஆவணத்தில் அவருடைய கையெழுத்து இருப்பது தெரியாது. பெயரைக் காப்பாற்றிவிட்டு மனிதரைத் தொலைத்துவிட்டோம்.

விவரமில்லாத பெயர் மறதியோடு நின்றுவிட்டால்கூடப் பரவாயில்லை. அது என்ன செய்யும் என்பதைத் தென்மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 1986-இல் திருநெல்வேலி மாவட்டம் பிரிந்தபோது இந்தப் பக்கம் நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் ஆயிற்று, அந்தப் பக்கம் சிதம்பரனார் மாவட்டம் ஆயிற்று. பேருந்துகளிலும் கட்டபொம்மன் பெயர் இருந்தது. 1997-இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தது. ஒட்டப்பிடாரம் பக்கத்துக் கவர்னகிரியில் பிறந்து, கட்டபொம்மனின் படைத்தளபதியாக இருந்து, 1799-இல் வெள்ளையரின் வெடிமருந்துக் கிடங்கைத் தகர்த்து உயிர்விட்டவர் என்று மரபு அவரைப் போற்றுகிறது. அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று சிலர் நின்றார்கள். கலவரம் மூண்டது. உயிர்கள் போயின. அந்த ஜூலையில் அரசு எல்லா மாவட்டங்களிலிருந்தும், எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயரை எடுத்துவிட்டது. நாமும் பழையபடி திருநெல்வேலி மாவட்டம் ஆனோம்.

சுந்தரலிங்கத்தின் பெயரை எதிர்த்தவர்கள் பக்கம் ஒரு நியாயமும் இல்லை. அதை உரக்கவே சொல்கிறேன். ஆனால் பெயர் வைத்தவர்களிடம் ஒரு கேள்வி உண்டு. அந்தப் பேருந்து ஓடிய ஊர்களில் எத்தனை பள்ளிக்கூடத்தில் அவருடைய கதையை அதற்கு முன் சொல்லியிருந்தீர்கள்? செய்த காரியத்தைச் சொல்லாமல் பெயரை மட்டும் எழுதினால், நம் சமூகம் அதில் தேடுவது சாதியைத்தான். படிக்க வேறொன்றும் அங்கே இல்லாதபோது அதைத்தான் படிக்கும். தொடரில் நடைமுறையைக் காட்டாமல் அடியை மட்டும் காட்டுவதும், சாலையில் வாழ்க்கையைச் சொல்லாமல் பெயரை மட்டும் எழுதுவதும் எனக்கு ஒரே செயலாகத் தெரிவது இதனால்தான்.

தெருப்பெயர்களிலிருந்து சாதியை நீக்கச் சொல்லி 1978-இல் ஓர் ஆணை வந்தது. 2025 அக்டோபரில் மறுபடி ஆணை வந்திருக்கிறது. இரண்டையும் வரவேற்கிறேன். ஆனால் அதே வாரத்தில் கோவை அவிநாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு ஜி.டி. நாயுடு பெயர் வைத்தபோது, தமிழ்நாடு முழுக்கப் பேசியது பெயரின் கடைசிச் சொல்லைப் பற்றியே. உள்நாட்டிலேயே மின்மோட்டாரை உருவாக்கியவர்களில் ஒருவர் அவர் என்ற இரண்டு வரியைப் பாலத்தின் தொடக்கத்தில் யாராவது எழுதி வைத்திருந்தால் பேச்சு சற்றாவது திசைமாறியிருக்கும்.

பெயரும் காரியமும் ஒட்டியிருக்கிற இடங்கள் நம் ஆற்றங்கரையிலேயே உண்டு. திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே 1843-இல் திறந்த சுலோசன முதலியார் பாலம், அவருடைய சொந்தப் பணத்தில் எழுந்தது. பாலத்தில் கால் வைத்தாலே அவர் செய்தது என்ன என்பது விளங்கிவிடும். கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்ற ரயில் நிலையம் வாஞ்சி மணியாச்சி ஆயிற்று. அங்கே நடந்ததைப் பற்றி என்ன கருத்து வைத்திருந்தாலும், நடந்த இடம் அதுதான். இதற்கு நேர்மாறாக, வேய்ந்தான்குளத்துப் பேருந்து நிலையத்துக்கு எம்.ஜி.ஆர். பெயர் வைத்திருக்கிறார்கள். அவரை உயிராக நேசிக்கிறவர்கள்கூட நடத்துனரிடம் ‘புது பஸ் ஸ்டாண்டு’ என்றுதான் சீட்டுக் கேட்கிறார்கள்.

கலைஞர்களுக்குச் சாலை அமைவதில் எனக்கு மகிழ்ச்சியே. சென்னையில் நடிகர் விவேக் வாழ்ந்த விருகம்பாக்கத்துத் தெருவுக்கு 2022-இல் அவர் பெயர் வந்தது. டி.எம். சௌந்தரராஜனுக்கு 2023-இல் மந்தைவெளியிலும், எஸ்.பி. பாலசுப்பிரமணியத்துக்கு 2024-இல் நுங்கம்பாக்கத்திலும் அமைந்தன. மூன்றும் அவர்கள் குடியிருந்த பகுதிகள். பக்கத்து வீட்டுக்காரர்களின் நினைவு இன்னும் உயிரோடிருக்கிறது. நாற்பது ஆண்டு கழித்து அந்தத் தெருவில் பிறக்கும் குழந்தைக்கு விவேக் மரம் நட்டவர் என்பதை யார் சொல்வார்கள் என்பதுதான் என் கேள்வி.

பெயரே இல்லாத நினைவும் உண்டு. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் ஊர்வலம் போனவர்கள் மீது தடியடி நடந்தது. தாமிரபரணியில் 17 பேர் இறந்தார்கள். அவர்களில் இரண்டு பெண்களும் ஒரு குழந்தையும் உண்டு. ஆண்டுதோறும் அந்த நாளில் ஆற்றில் மலர் தூவுகிறார்கள். அந்தப் பதினேழு பேரின் பெயரையும் வயதையும் ஊரையும் இங்கே இருக்கிற மாணவர்களில் எத்தனை பேரால் சொல்ல முடியும்? ஒரு சாலைக்குப் பதினேழு பெயர் வைக்க முடியாது. ஒரு கல்லில் பதினேழு பெயர் எழுத முடியும்.

கல்லில் எழுதுவது எப்படி என்பதற்கு நாம் வெளியூர் போய்ப் படிக்க வேண்டாம். இந்த ஊர் எரிச்சாவுடையார் கோயிலில் வரகுண பாண்டியனின் வட்டெழுத்துக் கல்வெட்டு இருக்கிறது. 9-ஆம் நூற்றாண்டு. அப்போது இந்த ஊருக்கு இளங்கோக்குடி என்று பெயர். தொண்டைநாட்டில் பெண்ணையாற்றங்கரை அரைசூரில் தங்கியிருந்தபோது அரசன் கொடுத்த கொடையை அது சொல்கிறது. 290 பொற்காசு. முதல் அழியக் கூடாது. காசுக்கு இரண்டு கலமாக ஆண்டுக்கு 580 கலம் நெல் வட்டி. அதை ஊர்ச் சபையார் அளக்க வேண்டும். நாளுக்கு நான்கு வேளைக்கு அரிசி எவ்வளவு, நெய் எவ்வளவு, தயிர் எவ்வளவு என்பதுவரை அதில் உண்டு. ஆயிரத்து நூறு ஆண்டு கழித்தும் அந்தக் கொடையை எவரும் வாய்ப்பேச்சாகக் குறைத்துவிட முடியாது. இதுவும் ஓர் அறக்கட்டளைதான். இன்றைய கூட்டம் எந்தப் பரம்பரையில் வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறேன்.

ஆகவே நகராட்சிக்கு என் வேண்டுகோள். இனி எந்தத் தெருவுக்குப் பெயர் வைக்கத் தீர்மானம் கொண்டுவந்தாலும், பலகையில் பெயருக்குக் கீழே எழுதப்போகிற மூன்று வரியையும் தீர்மானத்திலேயே சேருங்கள். பிறப்பு இறப்பு ஆண்டு, செய்த காரியம், அந்த இடத்தோடு அவருக்குள்ள தொடர்பு. மூன்றாவது வரிக்கு ஒன்றும் எழுதக் கிடைக்கவில்லை என்றால் அந்தப் பெயர் அந்தத் தெருவுக்கு உரியதல்ல. பழைய பெயரையும் சிறிய எழுத்தில் விட்டுவையுங்கள். பட்டாவிலும் பத்திரத்திலும் பழைய பெயரே இருக்கும். அந்தத் தெருவில் ஆளில்லை என்று சம்மன் திரும்பி வந்தால், சாட்சிக்குப் பிடிவாரண்டு போகும். முதல் பலகையை வ.வே.சு. ஐயருக்கு வைக்கலாம். சேரன்மகாதேவியில் குருகுலம் நடத்தியவர், தமிழ்ச் சிறுகதையின் முன்னோடி, 1925 ஜூன் 3 அன்று பாபநாசம் கல்யாண தீர்த்தத்தில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் உயிர்விட்டவர். மூன்று வரியும் இருக்கிறது. குருகுலத்தில் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி வைத்ததால் எழுந்த போராட்டத்தையும் நாலாவது வரியாக எழுதுங்கள். அதை விட்டுவிட்டால் அந்தப் பலகை பாதி உண்மையைத்தான் சொல்லும்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களில் சிலர் நாளைக்குத் திரைக்கதை எழுதப் போகிறீர்கள். உங்கள் ஊர் நீதிமன்றம் திறந்த நீதிமன்றம். யாரும் போய்ப் பின்வரிசையில் உட்காரலாம், கைப்பேசியை மட்டும் அணைத்துவிட வேண்டும். காலை பத்தரைக்கு வழக்குகளை அழைப்பார்கள். வாய்தா வாங்கிப் போகிறவர்களைப் பார்த்துச் சலித்து எழுந்துவிடாதீர்கள். மருத்துவர் சாட்சி சொல்லும் நாள் எது என்று நீதிமன்ற ஊழியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அன்றைக்கு நோட்டுப் புத்தகத்தோடு போங்கள்.